வீட்டில் கட்டிய சிறு விமானத்தின் எஞ்சின் வானில் திணறி, தரையில் ஒழுங்காக ஓடுவது ஏன்?

முதலில் சந்தேகிக்க வேண்டியது கார்புரேட்டர் பனியை. பெட்ரோலும் காற்றும் கலக்கும் குறுகிய வழியில் படியும் பனிக்கட்டி அது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது; ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட் தோலைச் சில்லிட வைக்கிறதே, அதுபோல. குறுகலில் காற்றழுத்தமும் குறைவதால் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சரியலாம். காற்றிலுள்ள ஈரம் அங்கேயே உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. தரையிறங்கி மூடியைக் கழற்றுவதற்குள் தடயமே உருகிப்போயிருக்கும்! நல்ல பிளக்குகளைத்தான் பாவம், பலர் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

புகைக்குழாயைச் சுற்றிய உறையிலிருந்து சூடான காற்றைத் திருப்பிவிடும் கதவுதான் இதற்கு மருந்து. அதை இயக்கும் கம்பி நழுவியிருக்கிறதா, காற்றுக்குழாய் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். தரையில் எஞ்சினை ஓடவிட்டுக் கைப்பிடியை இழுத்தால் சுழற்சி வேகம் சற்றுக் குறைய வேண்டும். குறையவே இல்லையென்றால் சூடு வந்து சேரவில்லை. வானில் இழுத்தால், உருகிய நீர் உள்ளே போவதால் எஞ்சின் முதலில் இன்னும் மோசமாக இருமும். பயந்து மூடிவிடாதீர்கள்.

குளிர்காலத்தில் மட்டுமே இது வரும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஈரப்பதம் மிகுந்திருந்தால் 30 டிகிரி வெப்பத்திலும் வரும்.