"இது காட்சிப் படிமம்" என்று எழுதினால் போதுமா?

கேள்வி: முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் 'டு ஆட்டம்' (To Autumn) கவிதையில் உள்ள புலன்படிமங்களை விளக்கச் சொன்னால் காட்சி, ஒலி, மணம், சுவை, தொடுகை என்று பிரித்து, அதது வரும் வரிகளை எழுதிவிடுகிறேன். "சரி, இதற்கு என்ன அர்த்தம்?" என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதித் தருகிறார். அந்த அர்த்தத்தை எப்படிப் பிடிப்பது?

பதில்: பட்டியல் போடுவதில் தப்பில்லை. நானும் மாணவர்களை முதலில் அதைத்தான் செய்யச் சொல்வேன். அப்புறம் அதை ஓரமாக வைத்துவிட்டு, இந்த இடத்தில் ஏன் இந்தப் புலன், ஏன் வேறொன்று இல்லை என்று கேட்டுக்கொண்டே கவிதையைத் திரும்பப் படியுங்கள்.

1819 செப்டம்பர் 19 அன்று வின்செஸ்டரில் கீட்ஸ் எழுதிய கவிதை இது. மூன்று பகுதி, பகுதிக்கு 11 வரி. ஒரு பென்சிலை எடுத்து முதல் பகுதியில் வினைச்சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். லோட், பெண்ட், ஃபில், ஸ்வெல், பிளம்ப். கொடிக்குப் பாரம் ஏற்றுவது, ஆப்பிள் கனத்தில் கிளையை வளைப்பது, உள்வரை பழுக்க வைப்பது, சுரைக்காயைப் பருக்க வைப்பது, ஹேசல் கொட்டையின் ஓட்டுக்குள் பருப்பை நிரப்புவது. பழத்தைக் கண்ணால் பார்க்கிற வினை ஒன்றுகூட இதில் இல்லை. எல்லாம் கனம், உள்ளிருந்து தள்ளும் அழுத்தம். கடைசியில் தேனடையின் பிசுபிசுத்த அறைகள் நிரம்பி வழிகின்றன. வழிந்த பிறகு நிரப்ப இடம் ஏது? வளமை உச்சத்தைத் தொட்டுவிட்டது என்பதைக் கவிஞர் சொல்லவில்லை, நம் கையில் கனக்க வைத்துவிடுகிறார். உங்கள் ஆசிரியர் கேட்கும் அர்த்தம் இதுதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தலைப்பை 'இலையுதிர் காலம்' என்று தமிழில் சொல்லிப் பழகியதால் பலரும் உதிர்வையே தேடிப் போகிறார்கள். இந்தக் கவிதையில் ஓர் இலைகூட உதிர்வதில்லை. இது அறுவடைக் காலத்துக் கவிதை.

இரண்டாம் பகுதியில் பருவம் ஓர் ஆளாகிக் கண்ணுக்குத் தெரிகிறது: களஞ்சியத்தில் உட்கார்ந்திருக்கிறது, பாதி அறுத்த வயலில் கசகசாப் பூவின் மயக்கத்தில் தூங்குகிறது, ஆப்பிள் பிழியும் ஆலையில் கடைசிச் சொட்டுகளை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல் பகுதியின் வேகம் அடங்கி, காலம் சொட்டுச் சொட்டாகிவிட்டது.

மூன்றாம் பகுதியில் நிதானமாக நில்லுங்கள். பொழுது சாய்கிறது. அறுத்து முடிந்த வயலின் தாளை மேகங்கள் இளஞ்சிவப்பாகத் 'தொடுகின்றன'. நிறத்துக்குத் தொடுகிற வினை! இரண்டு நாள் கழித்து நண்பர் ரெனால்ட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், வசந்தத்தின் குளிர்ந்த பச்சையைவிடத் தாள் நிற்கும் வயலே தனக்குப் பிடித்திருக்கிறது, அது ஏனோ கதகதப்பாகத் தெரிகிறது என்கிறார் கீட்ஸ். அந்தக் கதகதப்புதான் இந்த வினைச்சொல்லில் இருக்கிறது.

அதன்பின் முழுக்க ஒலிதான். ஆற்றோரத்தில் சிறு பூச்சிகள் ஒப்பாரி போல ரீங்கரிக்கின்றன, குன்றுப் பக்கம் ஆடுகள் கத்துகின்றன, வேலியில் பூச்சி இசைக்கிறது, தோட்டத்தில் ராபின் சீட்டியடிக்கிறது, வானத்தில் தகைவிலான்கள் (ஸ்வாலோ பறவைகள்) கூடிக் கீச்சிடுகின்றன. வெளிச்சம் மங்கும்போது கண் ஓய்ந்து காது விழித்துக்கொள்கிறது. அந்தக் காதும் ஆற்றங்கரையில் தொடங்கி வானத்தில் போய் நிற்கிறது. பழத்தைக் கையில் பிடிக்கலாம், ஒலியைப் பிடிக்க முடியாது. கனத்தில் தொடங்கிய கவிதை பிடிக்கு அடங்காத ஒன்றில் முடிகிறது. வசந்தத்து ஆட்டுக்குட்டிகள் வளர்ந்துவிட்டன என்பதையும் ஆடுகளின் அந்தக் கத்தலுக்குள்ளேயே வைத்துவிட்டார்.

ஓர் எச்சரிக்கை. "கீட்ஸுக்குக் காசநோய், ஆகவே தகைவிலான் மரணத்தின் குறியீடு" என்று தாவாதீர்கள். தம்பி டாமைக் காசநோய்க்குப் பறிகொடுத்தது 1818 டிசம்பரில். அந்தத் துயரம் உண்மை. ஆனால் கீட்ஸ் இரத்தம் கக்கி, தன் நிலையைத் தெரிந்துகொண்டது 1820 பிப்ரவரியில், இந்தக் கவிதைக்குப் பிறகு. கவிதையில் 'நான்' என்ற சொல்லே கிடையாது. சாவு பகலுக்கும் காற்றுக்கும் மட்டுமே வருகிறது.

'நான்' பேசும் கவிதை வேண்டுமென்றால் அதே 1819இல் கீட்ஸ் எழுதிய 'நைட்டிங்கேல்' பாடலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருட்டில் காலடிப் பூக்கள் தெரியாமல், மணத்தை வைத்தே ஒவ்வொன்றாக ஊகிக்கிறார். அந்த இருட்டுக்கு அவர் தரும் அடைமொழி 'எம்பாம்டு' (embalmed). நறுமணம் ஊறியது என்றும் பொருள், சடலத்துக்குத் தைலமிட்டுப் பாதுகாப்பதும் அதே சொல். அடுத்த பகுதியிலேயே மரணத்தின் மீது பாதிக் காதல் என்கிறார். அங்கே சாவு மணத்தின் வழியாக வந்துவிட்டது, அதற்கு ஆதாரம் சொல்லிலேயே இருக்கிறது. மருந்தாளுநராகப் பயின்ற கீட்ஸுக்கு அந்தச் சொல்லின் இரு முகமும் தெரியாமல் இருந்திருக்காது.

சரி, விடைத்தாளில் எப்படி எழுதுவது? "மூன்றாம் பகுதியில் ஒலிப்படிமங்கள் உள்ளன" என்பதற்குப் பதில் இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "ஒளி மங்கும் வேளையில் கீட்ஸ் கண்ணிலிருந்து காதுக்கு மாறுகிறார்; கைக்குள் கனத்த வளமை, கேட்டு முடிவதற்குள் கரையும் ஒலியாகிறது." அடுத்து வினைச்சொல் ஒன்று, வரி ஒன்று, அவ்வளவே ஆதாரம். எழுதுவதற்கு முன் கடைசி வரியை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். தகைவிலான்கள் அதில் இன்னும் கிளம்பவில்லை, கூடிக்கொண்டுதான் இருக்கின்றன.