யாரைக் கொண்டாடினோம்?

அன்புள்ள ஐயா,

எங்கள் தமிழாசிரியை மறைந்து ஓராண்டு ஆனது. பழைய மாணவர்கள் கூடி, அவர் நடத்திய பாடங்களை மாறி மாறி நினைவுகூர்ந்தோம். அதைப் பற்றி எழுதும்போது 'ஆசிரியையின் நினைவு நாளைக் கொண்டாடினோம்' என்று எழுதிவிட்டேன். 'இறந்த நாளையா கொண்டாடுவார்கள்? அனுசரித்தோம் என்று எழுது' என நண்பர்கள் திருத்தினார்கள். எனக்கோ அந்தச் சொல் ஒட்டவே இல்லை. கொண்டாடுவது என்றால் மகிழ்ச்சி மட்டும்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகிழ்ச்சி மட்டும் இல்லை. 'குழந்தையும் தெய்வமும் கொண்டாடின இடத்திலே' என்ற பழமொழியை நினைத்துப் பாருங்கள். அங்கே விழா எதுவும் நடக்கவில்லை. சீராட்டுவதும் போற்றுவதும் தன்னுடையதாகச் சேர்த்துக்கொள்வதும்தான் அங்கே கொண்டாடுவது.

கொள், ஆடு என்ற இரண்டு வினைகள் சேர்ந்த சொல் இது. ஆடு என்றதும் நடனம் நினைவுக்கு வரும். ஆனால் உரையாடு, போராடு, மன்றாடு எதிலும் நடனம் கிடையாது. ஒரு செயலில் முழுதாக இறங்குவதுதான் உண்டு. எடையெல்லாம் 'கொள்' மேல்தான். உரிமை கொண்டாடுகிறோம், சொந்தம் கொண்டாடுகிறோம், உறவு கொண்டாடுகிறோம். சொத்து வழக்கில் உரிமை கொண்டாடுகிறவர் 'இது என்னுடையது' என்கிறார், அவ்வளவுதான்.

விழா வேறு. மணிமேகலையின் முதல் காதைக்கே விழாவறை காதை என்று பெயர். இந்திர விழா நடக்கப்போவதை முரசறைந்து ஊருக்குச் சொல்கிறார்கள். கொண்டாட முரசு வேண்டாம். ஓர் அறையில் நாலு பேர் போதும்.

ஆனாலும் உங்கள் நண்பர்கள் சொன்னதைத் தள்ளிவிட மாட்டேன். 'கொண்டாட்டம்' என்ற பெயர்ச்சொல் இன்று ஆட்டபாட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்பதில் இருப்பது குதூகலம்தான். அப்புறம், ஒரு நாளைக் கொண்டாடினோம் என்றாலும் காதில் அதுவே விழுகிறது. இழப்பு நேர்ந்த நாளோடு அதைச் சேர்த்தால் அவர் வீட்டாருக்கு வலிக்கும். அந்த வலியை மதிக்கத்தான் வேண்டும்.

அனுசரித்தோம் என்பது தவறில்லை. வடமொழியிலிருந்து வந்தது, பின்பற்றுதல் என்று பொருள். ஒரு முறையைக் கடைப்பிடித்தோம் என்பதோடு அது நின்றுவிடுகிறது. 'கொஞ்சம் அனுசரித்துப் போ' என்று கேட்டுப் பழகிய காதுக்கு அதில் அன்பு எட்டாது. உங்களுக்கு ஒட்டாமல் போனது சரிதான்.

நாள் என்ற சொல்லைச் சற்று நகர்த்திப் பாருங்கள். 'நினைவு நாளில் கூடி, எங்கள் ஆசிரியையைக் கொண்டாடினோம்.' இதை நண்பர்களிடம் படித்துக் காட்டுங்கள். யாரும் திருத்த மாட்டார்கள் என்று நம்புகிறேன்.