நடக்கத் தாமதிக்கும் குழந்தைக்கு மூளை ஸ்கேன் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு ஒரு வயது பத்து மாதம் ஆகிறது. பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தனியாக நடப்பதில்லை. 'அம்மா' தவிர வேறு பேச்சும் இல்லை. பிறந்ததும் அழாததால் ஐந்து நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். என் கணவர் எனக்குத் தாய்மாமன். மயக்க மருந்து கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். கதிர்வீச்சும் மயக்க மருந்தும் பயமாக இருக்கின்றன. சி.டி. ஸ்கேன் போதாதா?
- ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே கிடையாது. அது காந்தப்புலத்தையும் ரேடியோ அலைகளையும் கொண்டு படம் எடுக்கிறது. நீங்கள் எளிதென்று நினைக்கும் சி.டி. ஸ்கேனில்தான் எக்ஸ் கதிர்கள் பயன்படுகின்றன. இரத்தக்கசிவு, சுண்ணாம்புப் படிவு, மண்டையோட்டு எலும்பின் கோளாறு ஆகியவற்றைக் காண சி.டி. நல்ல கருவி, சில நிமிடங்களில் முடிந்தும் விடும். ஆனால் பிறக்கும்போது பிராணவாயு குறைந்த குழந்தைக்கு மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் முதலான பகுதிகளில் ஏற்படக்கூடிய நுண்ணிய தழும்பு சி.டி.யில் தெரியாமல் போகலாம். பிறகு எப்படியும் எம்.ஆர்.ஐ.க்குப் போக வேண்டிவரும் என்பதால் முதலிலேயே அதை எடுப்பதுதான் சிக்கனம்.

வளர்ச்சி தாமதமான எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்கேன் ஒரே அளவுக்குப் பயன்படுவதில்லை. வலிப்பு, ஒரு பக்கக் கை கால் விறைப்பு, கற்றுக்கொண்டதை மறப்பது, பிரசவகாலச் சிக்கல், தலையின் அளவு மாறியிருப்பது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால்தான் படம் ஏதாவது சொல்வதற்கு வாய்ப்பு அதிகம். தலையளவு பார்க்க ஒரு டேப் போதும்: புருவத்துக்கு மேலே தொடங்கிப் பின்மண்டையின் மிகப் புடைத்த இடத்தைச் சுற்றி அளப்பார்கள். பெண் குழந்தைக்குப் பிறக்கும்போது சுமார் 34 செ.மீ., ஒரு வயதில் சுமார் 45, இரண்டு வயதில் சுமார் 47 இருக்கும். கட்டுக்கட்டாக ரிப்போர்ட் கொண்டுவருபவர்களிடம்கூட இந்த ஓர் எண் பல நேரம் இருப்பதில்லை; உங்கள் மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 'பிறந்ததும் அழவில்லை, அதனால்தான்' என்று குடும்பத்தில் முடிவு கட்டிவிட்டால், அதற்கப்பால் யாரும் தேடுவதில்லை. அது சரிதானா என்பதைப் படம் சொல்லக்கூடும். மூளை பாதிக்கப்பட்டது குறைமாதக் குழந்தையானால் மூளையறைகளை ஒட்டிய வெண்பகுதியிலும், பிறந்தவுடன் இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருந்தால் மூளையின் பின்பக்கத்திலும், நிறைமாதத்தில் திடீரென்று பிராணவாயு தடைப்பட்டிருந்தால் பெரும்பாலும் ஆழ்பகுதிகளிலும் தழும்பு விழும். இந்த அடையாளம் எதுவும் இல்லாமல், கருவிலேயே மூளை வேறுவிதமாக உருவாகியிருப்பது தெரிந்தாலோ, படம் முழுக்க இயல்பாக இருந்தாலோ, பழியைப் பிரசவத்தின் மேல் போட முடியாது. மரபணுப் பரிசோதனையை நோக்கித் திரும்ப வேண்டும். நெருங்கிய சொந்தத்தில் மணந்த உங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஏனென்றால் தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறைபாடு காரணமாக இருக்குமானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் அது குழந்தைக்கு வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அடுத்த குழந்தையைப் பற்றி யோசிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. படம் இயல்பாக வந்துவிட்டால் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று பொருளாகிவிடாது.

மயக்க மருந்து கொடுப்பதற்குக் காரணம், ஏறக்குறைய அரை மணி நேரம் அந்தத் தடதட சத்தத்தில் குழந்தை அசையாமல் படுக்க வேண்டும் என்பதுதான். மயக்கவியல் மருத்துவரும், குழந்தையின் மூச்சையும் நாடித்துடிப்பையும் கண்காணிக்கும் கருவிகளும் இருக்கும் இடத்தில் எடுங்கள். கேழ்வரகுக் கூழ், களி, புட்டிப்பால் எதுவானாலும் ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம். மையத்தில் வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பசியில் அழும் குழந்தையைப் பேருந்தில் வைத்துச் சமாளிப்பது கடினம் என்பதால் காலையின் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். கொலுசு, அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் கழற்றுங்கள். நீங்களும் உடன் உள்ளே போவதாக இருந்தால் சேலையிலும் தாலிக்கொடியிலும் குத்தியிருக்கும் ஊக்குகளை மறந்துவிடாதீர்கள்; அவை காந்தத்தை நோக்கிப் பறக்கும்.

காது கேட்கும் திறனைச் சோதிக்கும் பெரா பரிசோதனை, கண் பரிசோதனை, தைராய்டு இரத்தப் பரிசோதனை ஆகியவை ஸ்கேனுக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. பேச்சு வராத குழந்தைக்குக் காது சோதிக்காமல் மூளைப் படம் எடுப்பதை நான் ஏற்பதில்லை. 'எப்போது நடப்பாள்' என்ற கேள்விக்கும் எந்தப் படமும் தேதி குறித்துக் கொடுக்காது. இயன்முறைப் பயிற்சியையும் பேச்சுப் பயிற்சியையும் இந்த வாரமே தொடங்கலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை பற்றி விசாரியுங்கள்.

படம் எடுத்தபின் ரிப்போர்ட்டோடு நின்றுவிடாமல் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நரம்பு இழைகளின் மேலுறை உருவாகும் வரிசை இரண்டு வயதை ஒட்டித்தான் பெரும்பாலும் நிறைவடையும் என்பதால், சில குழந்தைகளுக்குப் பின்னர் இன்னொரு முறை எடுத்து ஒப்பிட வேண்டிவரும். அப்போது பழைய படம் கையில் இருக்க வேண்டும்.