34-ஆம் எண் சட்டைக்காரர்: ஃபெர்னாண்டோ வலென்சுவேலா பற்றி வாசகர் கேள்விகள்

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் முன்னாள் பிட்சர் (பந்து வீசுபவர்) ஃபெர்னாண்டோ வலென்சுவேலா 2024 அக்டோபர் 22-ஆம் தேதி தமது 63-ஆவது வயதில் காலமானார். அவரைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இதோ.

கேள்வி: 1981-இல் 'ஃபெர்னாண்டோமேனியா' என்று ஒரு நகரமே கொண்டாடியதாமே. அப்படி என்ன செய்தார்?

சீசனின் முதல் ஆட்டத்தில் பந்து வீசவேண்டிய ஜெர்ரி ராய்ஸுக்குக் கெண்டைக்காலில் அடிபட்டது. அவருக்குப் பதிலாக, அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் அதுவரை ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கியிராத 20 வயதுப் பையனை இறக்கினார்கள். ஏப்ரல் 9-இல் நடந்த அந்த ஆட்டத்தில் ஹூஸ்டன் அணி ஒரு ஓட்டமும் எடுக்கவில்லை. 2-0 என்று டாட்ஜர்ஸ் வென்றது. அங்கிருந்து தொடர்ந்து எட்டு ஆட்டம், எட்டும் வெற்றி. அவற்றில் ஐந்தில் எதிரணிக்கு ஓட்டமே இல்லை. 72 இன்னிங்ஸில் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது) அவர் கணக்கில் விழுந்தவை வெறும் 4 ஓட்டங்கள். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் ஒன்றாக அவருக்கே வந்தன. ஒரே சீசனில் இரண்டையும் வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

ஆனால் இந்தக் கணக்கு மட்டும் அந்தக் கொண்டாட்டத்தை விளக்காது. டாட்ஜர் ஸ்டேடியம் நிற்கும் சாவேஸ் ரவீன் பகுதியில் முன்பு பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று மெக்சிகோ வம்சாவளிக் குடியிருப்புகள் இருந்தன. அரசுக் குடியிருப்பு கட்டப்போவதாகச் சொல்லி 1950-களில் மக்களை வெளியேற்றினார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, நிலம் பேஸ்பால் அணியின் கைக்குப் போனது. 1962-இல் ஸ்டேடியம் திறந்தபோது அந்த வாசலை மிதிக்கவே மனம் வராத குடும்பங்கள் உண்டு. மெக்சிகோவின் சொனோரா மாநிலத்து எட்சோவாகிலா என்ற சிற்றூரில், 12 பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அதே மைதானத்தில் பந்து வீசும் நடுமேட்டில் ஏறி நின்றார். ஆங்கிலம் தெரியாது. நிருபர்கள் கேட்டதை ஸ்பானிய வானொலி வர்ணனையாளர் ஹைமே ஹாரின் மொழிபெயர்த்துச் சொன்னார். வலென்சுவேலா இறந்த செய்தி வந்ததும் ஸ்டேடிய வாசலில் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் குவிந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: அவருடைய ஸ்க்ரூபால் எப்படி வேலை செய்தது? எங்கள் பையன்கள் முயன்றால் பந்து திரும்பவே மாட்டேன் என்கிறது.

சாதாரண கர்வ் பந்து வீசும்போது மணிக்கட்டு உட்பக்கம் சுழலும். ஸ்க்ரூபாலுக்கு இது தலைகீழ். உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பும், கட்டைவிரல் தரையைப் பார்க்கும். வலென்சுவேலாவைப் போல இடக்கையால் வீசுபவருக்கு அது கடிகார முள் சுற்றும் திசை. பந்து வலக்கை பேட்டரை விட்டு விலகிக் கீழே இறங்கும். பேஸ்பாலில் வலக்கை பேட்டர்களே அதிகம். இடக்கை பிட்சருக்கு எதிராக அவர்களுக்குத்தான் வசதி என்பது பொது விதி. அந்த வசதியை இந்த ஒரே பந்து பறித்துவிடும்.

பிடி இப்படி: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலோடு சேர்ந்திருக்க வேண்டும், அழுத்தம் நடுவிரலில். பையன்களுக்கு வழக்கமாக இரண்டு இடத்தில் தப்பு நடக்கும். பந்து கையை விட்டுப் போன பிறகு மணிக்கட்டைத் திருப்புவார்கள். அப்போது பந்தில் சுழற்சி ஏறாது, மெதுவான நேர்ப் பந்தாக இடுப்பு உயரத்தில் போய்ச் சேரும். பேட்டருக்குக் கொண்டாட்டம். இன்னொன்று, திருப்புவதிலேயே கவனம் வைத்துக் கைவீச்சைக் குறைத்துவிடுவார்கள். வேகம் குறைந்த கையைப் பார்த்ததுமே பேட்டர் கண்டுகொள்வார். வலென்சுவேலாவின் கெட்டிக்காரத்தனம் இதில்தான்: ஸ்க்ரூபாலையே வெவ்வேறு வேகங்களில் வீசுவார், கைவீச்சு மட்டும் மாறவே மாறாது. பாபி காஸ்டிலோ என்ற சக பிட்சரிடம் 1979-இல்தான் அதைக் கற்றுக்கொண்டார்.

வளரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: நேர்ப் பந்தும் சேஞ்ச்-அப்பும் (அதே கைவீச்சில் மெதுவாக வரும் பந்து) கைக்கு வரும்வரை இது வேண்டாம். முழங்கையிலோ தோளிலோ வலி தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: அவர் நினைவாக ஒரே ஒரு பழைய ஆட்டம் பார்ப்பதென்றால்?

1981 உலகத் தொடரின் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) 3-ஆவது ஆட்டம், அக்டோபர் 23. முதல் இரண்டு ஆட்டத்திலும் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றுவிட்டு வந்த நிலை. அன்று அவருக்குப் பந்து கைவசப்படவில்லை. 9 ஹிட் (பேட்டர் அடித்து பேஸ் சேர்வது), 7 வாக் (தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் பேஸ்) கொடுத்தார். டாட்ஜர்ஸின் மூன்றாம் பேஸ் காவலர் ரான் சேயின் ஹோம் ரன்னில் (எல்லைக்கு வெளியே அடித்த பந்து) கிடைத்த மூன்று ஓட்ட முன்னிலையும் கரைந்து 4-3 என்று பின்தங்கினார்கள். மேலாளர் டாமி லசோர்டா அப்போதும் அவரை மாற்றவில்லை. 147 பந்துகள் வீசி, 5-4 என்று ஆட்டத்தை அவரே முடித்தார். அடுத்த மூன்றையும் வென்று டாட்ஜர்ஸ் கோப்பையை எடுத்தது.

ஸ்கோர்கார்டு வைத்துக்கொண்டு பாருங்கள். 8-ஆவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் நிற்க, யாங்கீஸின் பாபி மர்சர் பந்தைத் தட்டிவிடுவார். பந்து மேலே எழும். மூன்றாம் பேஸிலிருந்து ஓடிவரும் சே பாய்ந்து பிடித்து, முதல் பேஸுக்கு எறிந்து இரண்டாவது ஆளையும் வெளியேற்றுவார். கார்டில் அதை 5-3 என்று குறிக்க வேண்டும் (5 மூன்றாம் பேஸ் காவலர், 3 முதல் பேஸ் காவலர்). பிட்சரையும் கவனியுங்கள்: வலது காலைத் தூக்கும் நேரத்தில் அவர் கண்கள் கேட்சரை விட்டு வானத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்.

கேள்வி: பேட்டிங்கும் செய்வாராமே?

செய்வார். 10 ஹோம் ரன். சிறந்த பேட்டிங் பிட்சருக்கான சில்வர் ஸ்லக்கர் இரண்டு முறை.

கேள்வி: இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் ஏன் இல்லை? அவர் சட்டையின் 34-ஆம் எண்ணுக்கு (இனி யாருக்கும் தராமல்) ஓய்வு கொடுக்கவும் 2023 வரை காத்திருந்தது ஏன்?

இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. புகழ்மண்டபத்துக்குப் போனவர்களின் எண்ணுக்கே ஓய்வு என்பது டாட்ஜர்ஸின் எழுதாத விதி. 1978-இல் யாங்கீஸுடன் உலகத் தொடர் தொடங்கும் தறுவாயில் இறந்த பயிற்சியாளர் ஜிம் கில்லியமுக்கு மட்டும் அதைத் தளர்த்தினார்கள். ஆனாலும் 1991-இல் வலென்சுவேலாவை அணி விடுவித்த பிறகு 34-ஐ வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 11-இல் முறைப்படி ஓய்வு கொடுத்தார்கள். அவர் உயிரோடு இருந்து அதைப் பார்த்தார் என்பது பெரிய ஆறுதல்.

புகழ்மண்டப ஓட்டெடுப்பில் 2003-இல் 6.2 சதவீதம், 2004-இல் 3.8 சதவீதம். ஐந்துக்குக் கீழே போனால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். 173 வெற்றி, 153 தோல்வி என்ற மொத்தக் கணக்கு ஓட்டுப் போட்டவர்களை அசைக்கவில்லை. எங்கள் பார்வையில் அது குறைவான மதிப்பீடு. 1982 முதல் 1987 வரை ஆறு சீசனிலும் தவறாமல் 250 இன்னிங்ஸைத் தாண்டினார். இன்று 200-ஐத் தாண்டுபவர்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம். 1986-இல் 21 வெற்றி, 20 ஆட்டங்களைத் தொடங்கியவரே முடித்தார். 1988-இல் தோள் பழுதானது. அந்த உழைப்புக்குக் கொடுத்த விலை என்றே நாங்கள் நினைக்கிறோம். அதற்குப் பிறகும் 1990 ஜூன் 29-இல் செயின்ட் லூயிஸுக்கு ஒரு ஹிட்டும் கொடுக்காமல் ஓர் ஆட்டம் வீசினார். 1996-இல் மெக்சிகோவின் மான்டெர்ரேயில் நடந்த முதல் மேஜர் லீக் சீசன் ஆட்டத்தைச் சான் டியேகோவுக்காகத் தொடங்கி வென்றார்.

கேள்வி: "1981-இல் அவர் வீசிய பந்து, கையெழுத்துடன்" என்று விற்பனைக்கு வருகிறது. நம்பலாமா?

பிரபலமான ஆட்டக்காரர் இறந்ததும் போலிகள் கிளம்பும், ஜாக்கிரதை. முதலில் கையெழுத்தைப் பார்க்காதீர்கள், அச்சைப் பாருங்கள். அந்தக் காலத்து நேஷனல் லீக் (டாட்ஜர்ஸ் ஆடும் பிரிவு) பந்தில் லீக் தலைவரின் கையொப்பம் அச்சாகியிருக்கும். 1981-க்கு அது சார்லஸ் (சப்) ஃபீனியாக இருக்க வேண்டும். பார்ட் ஜியமாட்டி என்றால் 1986-க்கு முந்தைய பந்தே அல்ல. பில் வைட் என்றால் 1989 அல்லது அதற்குப் பிறகு. ஆலன் செலிக் என்ற ஆணையரின் பெயர் இருந்தால் பேச்சே வேண்டாம். அச்சு பொருந்தினால் மட்டும் கையெழுத்தைச் சான்றளிப்பவரிடம் காட்டுங்கள். அச்சு சரியாக இருப்பதால் கையெழுத்தும் உண்மை என்று ஆகிவிடாது.

உண்மையான பந்து கையிலிருந்தால் வெயிலும் குழல்விளக்கு வெளிச்சமும் படாமல் வையுங்கள். பேனா மை மங்க முதல் காரணம் ஒளிதான். பெட்டிக்குள் ஈரம் தேங்கினால் தோலில் பழுப்புப் புள்ளி விழும். அதைத் துடைக்கப்போனால் கையெழுத்தும் சேர்ந்து போய்விடும், அப்படியே விட்டுவிடுங்கள். எடுக்கும்போது தையலைப் பிடித்தே எடுங்கள், விரல் எண்ணெய் மையின் மேல் படவேண்டாம்.