கேட்பது கேவலமா?

கேள்வி: மனு, முறையீடு, கோரிக்கை என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் முன்னால் போய் நிற்பதே அடிமைப் புத்தி இல்லையா? கெஞ்சி யாருக்காவது ஏதாவது கிடைத்திருக்கிறதா?

பதில்: கிடைத்திருக்கிறது. எப்படிக் கேட்டார்கள் என்று பார்த்தால் உங்கள் கோபம் கொஞ்சம் தணியும்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை மனிதர் மீது 1961-ல் ஒரு திருட்டு வழக்கு. வக்கீல் வைக்கக் காசில்லை, நீதிமன்றமே ஒருவரைத் தரட்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குக்கு மட்டும்தான் தர முடியும் என்று நீதிபதி மறுத்துவிட்டார். கிடியன் தனக்குத் தானே வாதாடித் தோற்றார். ஐந்தாண்டு சிறை. 1962 ஜனவரியில், சிறையில் கொடுக்கிற கோடு போட்ட தாளில், பென்சிலால், எழுத்துப் பிழைகளோடு உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். வக்கீல் இல்லாமல் என்னைத் தண்டித்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்பதுதான் அவருடைய வாதம். 1963 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகளும் அதை ஏற்றார்கள். 1942-ல் அதே நீதிமன்றம் சொல்லியிருந்த தீர்ப்பையே மாற்றினார்கள். மறு விசாரணையில் வக்கீலோடு வந்த கிடியன் விடுதலையானார்.

அவர் தன் வறுமையைச் சொன்னார், ஆனால் அதைக் காட்டி இரக்கம் கேட்கவில்லை. எந்தச் சட்டத்தின் பெயரால் நீதிபதிகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்களோ, அதே சட்டத்தை அவர்கள் முன் வைத்தார். இதில் அடிமைப் புத்தி எங்கே இருக்கிறது? தனக்குச் சேர வேண்டியதைப் பெரிய மனது பண்ணித் தாருங்கள் என்று கேட்பது இருக்கிறதே, அதைப் பார்த்தால் எனக்கும் உங்களைப் போலவே மனம் கொதிக்கும்.

நாடுகளுக்கு இடையே கதை வேறு. அங்கே ஆணையிட ஆள் கிடையாது. எத்தியோப்பியாவை இத்தாலி விழுங்கிய பிறகு, பேரரசர் ஹைலே செலாசி 1936 ஜூன் 30 அன்று ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் (ஐ.நா.வுக்கு முன்பு இருந்த நாடுகளின் அமைப்பு) முன் நின்றார். இத்தாலியப் பத்திரிகைக்காரர்கள் கூச்சல் போட்டு விசிலடித்தார்கள். அவர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு பேசினார். வானத்திலிருந்து நச்சு வாயு பொழிந்ததைச் சொன்னார். உறுப்பு நாட்டைக் காப்போம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, என் மக்களுக்கு நான் என்ன பதில் கொண்டுபோவது என்று கேட்டார். நியாயம் முழுக்க அவர் பக்கம். பலன்? அடுத்த மாதமே இத்தாலி மீதிருந்த பொருளாதாரத் தடைகளை விலக்கிக்கொண்டார்கள். 1940-ல் இத்தாலி பிரிட்டன் மீது போர் அறிவித்தது. அப்புறம்தான் பிரிட்டனுக்கு அவர் தேவைப்பட்டார். 1941-ல் பிரிட்டனின் உதவியோடு தன் தலைநகர் அடிஸ் அபாபா திரும்பினார். ராஜதந்திரத்தில் முறையிடுகிறவர், எதிரில் இருப்பவரின் லாபத்தையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. இது கசப்பான விஷயம்தான். ஆனால் ஜெனீவாவில் அவர் பேசாமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் ஒருக்காலும் சொல்ல மாட்டேன். வாக்குத் தவறியவர்கள் யார் யார் என்பது அன்றோடு பதிவாகிவிட்டது.

அரசியலில் தேவை ஆள்பலமும் பொறுமையும். 1842-ல் பிரிட்டனின் சாசன இயக்கத் தொழிலாளர்கள் வாக்குரிமை கேட்டு 33 லட்சம் கையெழுத்துகளோடு ஒரு மனு கொண்டுபோனார்கள். அது நாடாளுமன்ற வாசலில் நுழையவே இல்லை, பிரித்துத்தான் உள்ளே எடுத்துப் போனார்கள். 287-க்கு 49 என்று தோற்றது. 1839-லும் தோற்றிருந்தார்கள், 1848-லும் தோற்றார்கள். அவர்கள் வைத்த ஆறு கோரிக்கைகளில் ஐந்து பின்னால் சட்டமாகிவிட்டன. மூன்றை மட்டும் சொல்கிறேன்: ரகசிய வாக்குச்சீட்டு 1872-ல், உறுப்பினர்களுக்குச் சம்பளம் 1911-ல், ஆண்கள் அனைவருக்கும் வாக்கு 1918-ல். கையெழுத்துப் போட்டவர்களில் பலர் அதற்குள் இறந்திருப்பார்கள்.

ஆகவே கேளுங்கள். உங்கள் மனுவில் புகழுரையை வெட்டிவிட்டு, எந்த விதிப்படி, யார், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு நகல் கையில் இருக்கட்டும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.