வேர் அழுகல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கத்திரிச் செடிகள் மதியம் துவண்டு, மாலையில் நிமிர்ந்துகொள்கின்றன. வெயில்தான் காரணம் என்று தண்ணீரைக் கூட்டினேன். இப்போது சில செடிகள் நிமிரவே இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். துவண்ட செடியைக் கண்டால் தண்ணீர் விடத்தான் கை போகும். ஆனால் வேர் அழுகும் செடி, காலடியில் ஈரம் இருந்தும் அதை உறிஞ்ச முடியாமல்தான் துவளுகிறது. மேலும் தண்ணீர் விட்டால் மண்ணில் காற்று போய்விடும், மிச்சமிருக்கும் வேரும் மூச்சு முட்டி அழுகும்.

அடுத்து, துவளத் தொடங்கிய ஒரு செடியைத் தோண்டி எடுங்கள். பிடுங்கினால் அழுகிய வேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், பார்க்க வேண்டியது கைக்கு வராது. ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசுங்கள். மெல்லிய வேரை இரு விரலால் பிடித்து உருவுங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று, நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் பெரும்பாலும் பித்தியம் அல்லது பைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமி. வேர் காய்ந்து நார் நாராகி, பட்டைக்கு உள்ளே கரித்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மேக்ரோபோமினா என்னும் பூசணம். இது வெக்கையிலும் வறட்சியிலும் வரும் நோய், இதற்கு மட்டும் தண்ணீரைக் குறைப்பது கெடுதல். தண்டடியில் வெள்ளைப் பூசணமும் கடுகு போன்ற உருண்டைகளும் தெரிந்தால் ஸ்கிளிரோசியம் என்னும் பூசணம். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அது போட்ட காயத்தின் வழியேதான் பூசணம் நுழைந்திருக்கும்.

வேர் நன்றாக இருந்தும் செடி வாடுகிறதா? தண்டின் அடித்துண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுவாய் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். எந்தப் பூசணக்கொல்லியும் அதற்குப் பயன்படாது.

நிமிராத செடிகள் இனிப் பிழைக்காது. அவற்றை அகற்றிவிட்டு, சுற்றியுள்ள செடிகளைக் காப்பாற்றுங்கள். பாத்தி ஓரம் ஓர் அடி ஆழத்துக்கு வடிகால் எடுங்கள். தோல் உருவும் வகை அழுகல் என்றால், லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து, நோய் கண்ட இடத்தைச் சுற்றியுள்ள செடிகளின் வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள்.

கேள்வி: மிளகாய் நாற்று திட்டுத்திட்டாகச் சாய்கிறது. கார்பன்டாசிம் என்ற பூசணக்கொல்லியை இரண்டு முறை ஊற்றியும் நிற்கவில்லை. மருந்து போலியா?

பதில்: மருந்து சரியாகவே இருக்கலாம், நோய்க்குத்தான் பொருந்தவில்லை. நாற்று சாய்வதற்குப் பெரும்பாலும் காரணமான பித்தியம் உண்மையான பூசணமே அல்ல. நீரில் நீந்தும் வித்துகளை விடும் வேறோர் இனம். கார்பன்டாசிம் அதைத் தொடாது. மெட்டலாக்சில், மாங்கோசெப் கலந்த மருந்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் பாத்தி நனைய ஊற்றலாம். உங்கள் பயிருக்கு லேபிள் சொல்லும் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை 15 செ.மீ. உயர மேட்டுப்பாத்தியில் வரிசையாக, இடைவெளி விட்டு விதையுங்கள். நெருக்கமாக விதைத்தால் நாற்றடியில் காற்று ஓடாது, ஈரம் உலராது. தண்ணீரைக் காலையில் விடுங்கள். மாலையில் விட்டால் இரவு முழுக்க மண் நனைந்தே கிடக்கும்.

கேள்வி: டிரைக்கோடெர்மா போட்டேன், ஒரு பயனும் தெரியவில்லை.

பதில்: அது நோய்ப் பூசணங்களை அடக்கும், உயிருள்ள நல்ல பூசணம். வெயிலில் கிடந்த பாக்கெட்டிலும் காலாவதியானதிலும் உயிர் இருக்காது. காய்ந்த மண்ணில் தூவினாலும் வளராது. கார்பன்டாசிம் ஊற்றிய கையோடு போட்டால் அந்த மருந்தே அதைக் கொன்றுவிடும். இடையில் 15 நாளாவது விடுங்கள்.

நன்கு மக்கிய தொழுவுரம் 100 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா 1 கிலோ. நிழலில் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், ஆனால் நீர் சொட்டாத பதத்துக்குத் தெளியுங்கள். ஈரச் சாக்கால் மூடி, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். 15 நாளில் பச்சைப் பூசணம் படர்ந்திருக்கும், அப்போது நடவுக் குழிக்கு இடுங்கள். பச்சைச் சாணத்தில் கலக்காதீர்கள், அதன் சூட்டில் செத்துவிடும். விதைக்கு என்றால் கிலோவுக்கு 4 கிராம். இவையெல்லாம் நோய் வருமுன் செய்ய வேண்டியவை. அழுகிய வேரை டிரைக்கோடெர்மா மீட்காது.

கேள்வி: எலுமிச்சை மரத்தின் அடிப்பட்டையில் பிசின் வடிகிறது, இலை மஞ்சளாகிறது. காப்பாற்ற முடியுமா?

பதில்: இது பைட்டோப்தோராவால் வரும் அடித்தண்டு அழுகல். பாதிப்பு மரத்தின் சுற்றளவில் பாதியைத் தாண்டாவிட்டால் முடியும். தண்டைச் சுற்றி அணைத்த மண்ணை விலக்குங்கள். ஒட்டுப் பகுதி தரைக்கு மேலே, வெளியே தெரிய வேண்டும். பழுப்பேறிய பட்டையைக் கூரிய கத்தியால் நல்ல பட்டை தெரியும்வரை சீவி, சீவியதைப் பொறுக்கி எரித்துவிடுங்கள்.

காயத்துக்குப் போர்டோ பசை. மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் நீரில் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரையுங்கள். நீற்றாத சுண்ணாம்பு 100 கிராமை மண்சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக நீர் தெளித்து நீற்றி, அரை லிட்டர் நீரில் கரைத்து ஆறவிடுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே பூசினால் பட்டை வெந்துவிடும். கறை படியாதவரை சுண்ணாம்புப் பால் சேர்த்து, தரையிலிருந்து 2 அடி உயரம்வரை அன்றைக்கே பூசிவிடுங்கள். மறுநாளுக்கு வைத்தால் வீரியம் போய்விடும்.

பாசனத்துக்கு இரட்டை வட்டப்பாத்தி அமையுங்கள். உள்வட்டம் தண்டைத் தண்ணீர் தொடாமல் காக்க, வெளிவட்டத்தில் மட்டும் தண்ணீர் நிற்கட்டும்.

கேள்வி: பிடுங்கிய செடிகளை உரக்குழியில் போடலாமா?

பதில்: வேண்டாம். சாதாரணக் குழியில் போதிய சூடு ஏறாது. ஸ்கிளிரோசியத்தின் கடுகு போன்ற உருண்டைகள் பிழைத்து, உரத்தோடு தோட்டம் முழுக்கப் பரவும். உலர்த்தி எரித்துவிடுங்கள். தோண்டிய மண்வெட்டியையும் செருப்பையும் கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள்.