பக்கத்து வீட்டு மெக்சிகோ அம்மாவின் சர்க்கரை நோய்

ஹூஸ்டனில் உங்கள் பக்கத்து வீட்டு மெக்சிகோ அம்மா, சர்க்கரை ஏறியும் "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று மருத்துவரிடம் போக மறுக்கிறார் என எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்த நம்பிக்கையோடு வாதாடாதீர்கள். பல நேரங்களில் அதற்குப் பின்னால் இருப்பது பயம்: மருத்துவச் செலவு பற்றிய பயம், குடியேற்ற ஆவணம் பற்றிய பயம்.

அவர் ஸ்பானிஷ் திருப்பலிக்குப் போகும் தேவாலயத்தில் 'ப்ரோமோத்தோரா' இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். அதே சமூகத்திலிருந்து வந்து, பயிற்சி பெற்று, வீடு தேடிப் போகும் நலப் பணியாளர்கள் இவர்கள். நான் தன்னார்வலராக இருந்த தேவாலய மண்டபத்தில், மெக்சிகோ மக்கள் வணங்கும் குவாதலூப்பே மாதாவின் படத்தருகே மேசை போட்டு ஒரு ப்ரோமோத்தோரா விரல் நுனியில் குத்தி ரத்தம் சோதித்தார். எதிரே இருந்த பாட்டியிடம் டார்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டியை விடச் சொல்லவில்லை. ஐந்தை இரண்டாக்கி, நோபால் கள்ளியை வதக்கிச் சேர்க்கச் சொன்னார். சோடாவுக்கு மட்டும் கறாராகத் தடை. பாட்டி மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். மருத்துவர் சொன்னால் அப்படி ஆட்டியிருப்பாரா என்பது சந்தேகமே.

மெக்சிகோ துணைத் தூதரகங்களில் 'வெந்தானியா தே சலூத்' என்ற நலச் சாளரம் உண்டு; சோதனையும் வழிகாட்டுதலும் கிடைக்கும். கூட்டாட்சி நிதி பெறும் சமூக மருத்துவ மையங்கள், பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, வருமானத்துக்கேற்பவே கட்டணம்.

வேலை போன பிறகு அவர் கணவர் யாரோடும் பேசுவதில்லை என்றீர்களே, அதையும் விட்டுவிடாதீர்கள். மனநல நெருக்கடிக்கான உதவி எண் 988-ஐ அழைத்து 2-ஐ அழுத்தினால் ஸ்பானிஷில் பேசலாம். அந்த அம்மாவுக்கு வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் வந்தால் யோசிக்காமல் அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். முதல் முறை மருத்துவ மையத்துக்கு நீங்களே உடன் போங்கள்.